குழாயைத் திறந்துவிட்டுச் சாப்பிடுகிறவர்

—கேட்டுக்க தேவம்மா. இந்த மைசூர் ஜில்லாவுல என்ற கையால வாங்கித் தின்னுட்டு தட்டுல மிச்சம் வெச்சவன் இன்னும் பொறக்கலை. இனிமேலும் பொறக்கப் போறதில்லை.

—நான் கௌதள்ளியில பொறந்தவளுங்க. அது சாம்ராஜநகர் ஜில்லா.

—பேச்சை மாத்தாத. ஹெப்பாள் பேக்டரி கேன்டீன்ல ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு தட்டு. இன்ஜினியர், ஃபிட்டர், செக்யூரிட்டி, யூனியன் லீடர், ஒருத்தன் ஒரு பருக்கை வெச்சதில்லை. அந்த யூனியன் லீடர் சம்பளத்தைக் கொறை சொல்லுவான், மேனேஜரைக் கொறை சொல்லுவான், கம்பெனி பஸ்ஸோட சீட்டைக்கூடக் கொறை சொல்லுவான். இந்த லிங்கப்பன் வெச்ச சாம்பாரை இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

—மணி அடிச்சா மெஷினுக்கு ஓடணும். கொறை சொல்ல நேரம் எங்கிருந்து வரும்.

—ஸ்வல்ப வாயைத் தொற. களி ஆறிப்போகுது. பிதுக்கம்பருப்புக் கொழம்பு. விடிஞ்சதுலருந்து ஒவ்வொரு அவரைக்கொட்டையாத் தோலைப் பிதுக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன். நகக்கண்ணெல்லாம் பச்சையாக் கெடக்குது, பாரு.

—ஒரு வாய் சாப்புட்டேனுங்களே.

—அதுக்குப் பேரு வாயா? காக்காய்க்கு வெச்சாக்கூட அதைவிடப் பெருசா எடுக்கும்.

—காக்காய்க்கு வெக்கற நாள் வந்துட்டுத்தான் இருக்குது. அன்னைக்கு நெறைய வெய்யுங்க.

—அந்தப் பேச்சு பேடா, வேண்டாம்.

—சரி, பேசலை. கொழம்புல உப்பில்லைங்க.

—என்ற கொழம்புலயா? உன்ற நாக்கு கெட்டுப்போச்சு அம்மிணி. அந்தக் கீமோ மருந்து கெடுத்து வெச்சிருச்சு. போன வாரம் பாலைக் குடுத்தா இரும்பு நக்குனாப்புல இருக்குதுன்ன. முந்தாநேத்து எலுமிச்சஞ்சாதம் சோப்பாட்டம் இருக்குதுன்ன.

—சோப்பாட்டம்தான் இருந்துச்சு.

—சோப்பை எப்பத் தின்னு பாத்த நீ?

—கல்யாணமான புதுசுல. உங்கம்மா உப்பிட்டுன்னு ஒரு உப்புமா கிண்டுவாங்களே.

—செத்துப்போனவங்களை இழுக்காத. நீ தின்னலைன்னாத் தின்னலைன்னு சொல்லு. ஒளிச்சு வெக்காத. போன வாரம் தலகாணிக்கு அடியில ரெண்டு இட்லி. எறும்பு வரிசை கட்டி வந்து காமிச்சுக் குடுத்துச்சு. எண்ணூறு தட்டுல எவனும் இட்லியை பேன்ட் பாக்கெட்டுல போட்டுக்கிட்டுப் போனதில்லை.

—காலித் தட்டைப் பாத்ததும் உங்க மூஞ்சி பளிச்சுன்னு ஆச்சு. அதைப் பாக்கறதுக்குத்தான் ஒளிச்சேன். ரெண்டு இட்லிக்கு அது பரவால்லைன்னு தோணுச்சு.

—ஏமாத்திட்ட.

—ஆமாங்க.

—டாக்டரம்மா என்ன சொன்னாங்க? "இனிமே பத்தியம் ஒண்ணும் வேண்டாம், என்ன பிடிக்குதோ அதையெல்லாம் குடுங்க"ன்னாங்களா, இல்லையா? அந்த பர்மிஷன் எத்தனை பேருக்குக் கெடைக்கும்? சர்க்கரைக்காரன் ஒவ்வொருத்தனும் அதுக்குத்தான் ஏங்கிட்டு இருக்கான்.

—அதை நல்ல சேதின்னு நெனைச்சுக்கிட்டா ஆஸ்பத்திரி வாசல்ல அரைக்கிலோ மைசூர்பாக் வாங்குனீங்க?

—வேற எதுக்கு ஒரு டாக்டர் அப்படிச் சொல்லுவாங்க?

—ஏனுங்க. கட்டி ஈரலுக்குப் போயிருச்சுன்னு சொல்லிட்டு, கீமோவையும் நிறுத்திட்டு, அதுக்கப்புறம் சொன்னாங்க. உங்களுக்கு நெசமாவே தெரியலீங்களா?

—தெரியும்.

—தெரிஞ்சுதான் வாங்குனீங்களா?

—ஆட்டோ புடிக்கறதுக்கு முன்னாடி கையில ஏதாச்சும் இருக்கணும்னு தோணுச்சு. வெறுங்கையோட உன்னைக் கூட்டிட்டு வீட்டுக்கு வர முடியலை.

—வெசனப்படாதீங்க. சோனியா சிஸ்டர்தான் தெளிவாச் சொன்னாங்களே, திங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீங்கன்னு.

—அந்தப் பொண்ணு ஸ்கூட்டர்ல வருது, பிரஷர் பாக்குது. "அங்கிள், ஆன்ட்டி சாப்புடாததால சீக்கு கூடலை, சீக்கு கூடுனதாலதான் பசி நின்னுபோச்சு, நீங்க சும்மா பக்கத்துல இருங்க"ங்குது. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுப் போயிருது. நூடுல்ஸ் கிண்டத் தெரியுமான்னு கேட்டேன், ஆர்டர் போட்டுக்குவேன்னுச்சு. அது எனக்குப் பசியைப் பத்திப் பாடம் எடுக்குது. சும்மா இருக்கறதுக்கு நான் எதுக்கு? சுவத்துல ஒரு காலண்டர் மாட்டுனாப் போதாதா?

—காலண்டர் பேசாதுங்க. அது ஒரு சௌகரியம்.

—அந்த போனைக் கீழ வெய்யி. சாப்புடற நேரத்துல என்ன போன்.

—சித்த நேரம் பாத்துக்கறேன்.

—யாரு, அந்தத் தின்னிப்பயலா? மறுபடியுமா?

—நம்ம பொண்ணு ஸ்வாதிதான் பெங்களூருலருந்து அனுப்பிவிட்டா. இன்னைக்கு அவன் அக்கி ரொட்டி சாப்புடறான்.

—அடிச்சுச் சொல்றேன், நான் எத்தனையோ கிறுக்குத்தனம் பாத்திருக்கேன், இதுக்கு மேல ஒண்ணு இனிமே வரப்போறதில்லை. ஒருத்தன் தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். "ஃப்ரெண்ட்ஸ், இப்ப மொதல் வாய் எடுக்கறேன்"ங்கறான். எடேன்டா. உன்ற கையை யாரு புடிச்சுக்கிட்டா? "ஃப்ரெண்ட்ஸ், காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கு." இருந்துட்டுப் போகட்டும். மைக்கைக் கொண்டுபோய்ப் பல்லுக்குப் பக்கத்துல வெச்சுக்கறான். அதை நாலு லட்சம் பேரு பாக்கறாங்க. நான் கேன்டீன்ல எண்ணூறு பேரு திங்கறதை தினம் பாக்கறேன், எனக்கு ஒரு கருமமும் தோணலை.

—கடிக்கற சத்தம் நல்லாருக்குதுங்க.

—சத்தம். மனுசனாப் பொறந்தவன் அடுத்தவன் மெல்லறதை டேட்டா போட்டுக் கேப்பானா? நான் தட்டோட வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கற. அவன் எச்சில் வெரலை நக்குனா கண்ணெடுக்காமப் பாக்கற. பசி இல்லைன்னா அதை ஏன் பாக்கற? பசி இருந்தா இதை ஏன் திங்க மாட்டேங்கற?

—பசிக்காகப் பாக்கலைங்க.

—பின்ன?

—நீங்க சாப்புட்டீங்களா?

—ஆச்சு.

—எங்க?

—கேன்டீன்ல.

—லீவு போட்டு வீட்டுலதான இருக்கீங்க.

—பழக்கத்துல வந்துருச்சு. அடுப்படியில நேத்து மிஞ்சுன சோத்தைச் சாப்புட்டேன்.

—நின்னுக்கிட்டு. கதவைச் சாத்திக்கிட்டு. குழாயைத் தொறந்து விட்டுட்டு.

—பாத்திரம் கழுவுனேன்.

—ஒரு தட்டுக்கு அவ்வளவு தண்ணியா? காவேரித் தண்ணியை வெறுமனே ஓட விட்டுட்டு உள்ள நின்னு அப்பளம் கடிக்கறீங்க. நாக்கு கெட்டதோட காதும் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சுக்கிட்டீங்களா?

—உன்ற முன்னாடி எப்படித் திங்கறது? நீ ஒரு வாய் எறங்காமக் கெடக்கற. நான் பக்கத்துல உக்காந்து களியை உருட்டி உருட்டிப் போட்டுக்கிட்டு இருந்தா நான் மனுசனா?

—கல்யாணமானதுலருந்து ராத்திரிச் சாப்பாடு ரெண்டு பேரும் சேந்துதான் சாப்புட்டோம். வாய்க்கு ஒரு கொறை சொல்லுவீங்க. புளி தூக்கல், கடுகு வெடிக்கலை, களியில கட்டி நிக்குது. எண்ணூறு பேருக்குப் பொங்கிட்டு வந்த அதிகாரம். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும்.

—நீ கத்துக்கட்டும்னு சொன்னேன்.

—கடைசி வரைக்கும் கத்துக்கலை. அது கெடக்குது. நான் சாப்புடறதை நிறுத்துனதும் நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க. இப்ப சோத்து நேரமானா தட்டைத் தூக்கிட்டு வர்றீங்க, வாயைத் தொறங்கறீங்க, மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறீங்க. இந்த வீட்டுல என்னோட உக்காந்து சாப்புட ஒரு ஆள் இல்லைங்க. அதுக்குத்தான் அவனைப் போட்டு வெச்சுக்கறேன்.

—அவன் யாருன்னே உனக்குத் தெரியாது.

—தெரியாது. ஆனா என்ற முன்னாடி உக்காந்து சாப்புடறான். சோனியா சிஸ்டர் பக்கத்துல இருங்கன்னு சொன்னது வேற ஒண்ணுமில்லைங்க. அதுதான்.

—கொழம்பு வாசத்துக்கு உனக்குக் கொமட்டும்.

—கொமட்டுனா சொல்றேன். ஜன்னலைத் தொறந்துட்டு அந்தப் பக்கமா உக்காருங்க.

—எதிர்வீட்டு பாக்கியலட்சுமி வாசல்ல நிக்குது. என்னைப் பாத்ததும் "ஊட்ட ஆய்தா"ன்னு கேக்கும். சாப்பாடு ஆச்சான்னு அந்தம்மா தினம் கேக்குது, தினம் ஆச்சுன்னு சொல்றேன்.

—இன்னைக்கு இன்னும் ஆகலைன்னு சொல்லுங்க.

—இது உனக்குன்னு போட்ட தட்டு.

—என்ற எச்சில் அதுல ஒரு வாய்தான் இருக்குது. சாப்புடுங்க.

—அந்த போன்?

—அமத்திட்டேன்.

—களியை மெல்லக் கூடாது அம்மிணி, முழுங்கணும். சத்தம் ஒண்ணும் வராது.

—அப்ப வாயால சொல்லுங்க. அவன் சொல்றானே, அந்த மாதிரி.

—என்ற வயசென்ன. எண்ணூறு பேருக்கு...

—இங்க ஒருத்திதான் பாக்கறேன்.

—...மொதல் வாய் எடுக்கறேன்.

—ம்.

—கிள்ளிட்டேன். உருட்டறேன். கொழம்புல முக்கறேன். பருப்பு நாலஞ்சு சேந்து வருது. வாயில போட்டுக்கறேன்.

—எறங்குச்சா?

—எறங்குச்சு.

—எப்படி இருக்குங்க? கொறை சொல்லுங்க. நீங்க கொறை சொல்லாம ஒரு வாய் முழுங்கி நான் பாத்ததில்லை.

—உப்பே போடலை, தேவம்மா.

—நாக்கு கெட்டுப்போச்சுன்னீங்க.

—விடிஞ்சதுலருந்து பருப்பைப் பிதுக்கிக்கிட்டே இருந்திருக்கேன். ஒரு கல்லு உப்பு போடலை. எறக்கும்போது உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பாக்கக்கூட இல்லை.

—எந்திரிச்சுப் போய் ஒரு சிட்டிகை போட்டுக்கிட்டு வாங்க.

—வேண்டாம். எந்திரிக்கலை. ரெண்டாவது வாய் எடுக்கறேன், பாத்துக்க.