கையைப் பார்த்துக் கொடுத்த மருந்து

சட்டைப் பையிலிருந்து பணம் எடுக்கிறவரின் கையைப் பார்த்தாலே எவ்வளவு வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும், சார். கொச்சி மட்டாஞ்சேரியில் இருபத்தாறு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன், அதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

விலை கேட்டு முகம் வாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. சீட்டை மடித்துக்கொண்டு, அப்புறம் வருகிறேன் என்பார்கள். வரவே மாட்டார்கள்.

அதனால் விலையையே சொல்ல மாட்டேன். கையில் இருக்கும் பணத்துக்குள் முடித்துவிடுவேன். வலி மாத்திரையைக் குறைத்தால் மறுநாளே வந்து நிற்பார்கள். சில மாத்திரைகள் வேலை செய்வது உடம்புக்கே தெரியாது. அப்படி ஒன்றை எடுத்துவிட்டு, அதே நிறத்தில் ஒரு வைட்டமின் மாத்திரையை வைப்பேன். எல்லாவற்றையும் அட்டையிலிருந்து பிரித்து, காகித உறையில் போட்டு, காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து கொடுப்பேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு அது எவ்வளவு உதவி தெரியுமா?

சங்கிலிப்பாண்டி தேனிப் பக்கத்து ஆள். இங்கே மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். அவன் மனைவி சங்கரிக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க, தினம் இரண்டு மஞ்சள் மாத்திரை. அந்தச் சீட்டிலேயே விலை கூடியது அதுதான்.

"மாசத்துக்கு எத்ர ஆகும், சேட்டா?"

"உன் கையில இருக்கிறதே போதும்டா. போய் அவளைப் பாரு."

அவன் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஐந்து மாதம் அப்படிக் கொடுத்தேன். ஆறாவது மாதம் ஸ்டென்ட் அடைத்து இறந்துபோனாள். முப்பத்தெட்டு வயது. மாலை வாங்கிக்கொண்டு போனேன், உண்மையாகவே அழுதேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த உறையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மறுவாரம் கடைக்கு வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன், அடிக்கவில்லை.

"வெலையச் சொல்லியிருந்தா கம்மல வித்திருப்பேனே, சேட்டா. அவளே கழட்டித் தந்திருப்பா."

மாத்திரையை மாற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் எத்தனை பேருக்கு என்று கேட்டால், நான் குறித்து வைக்கவில்லை.

அடுத்த தெருவிலிருக்கும் மலிவு விலைக் கடையில் அதே மாத்திரை கால் விலைக்குக் கிடைக்குமே, அங்கே அனுப்பியிருக்கலாமே என்கிறீர்கள். தெரியும், சார். அங்கே விலைப்பட்டியலை வாசலிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஏழைகளை அப்படி அவமானப்படுத்துகிற இடத்துக்கு என் ஆட்களை நான் எப்படி அனுப்புவேன்?