அமாவாசையன்று எண்ணிய வண்டிகள்

என் பெயர் ஹாலாஸ்யம், தகப்பனார் பெயர் பஞ்சாபகேசன், வயது அறுபத்திரண்டு, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வாடிப்பட்டிக்குத் தெற்கே ஊஞ்சப்பட்டியில், ரயில் பாதைக்கு மேற்கே உள்ள ஒரே வீட்டில் இருக்கிறேன். மனைவி வாலாம்பாள் காலமான பின் உடன் யாரும் இல்லை.

என் வாசலிலிருந்து பார்த்தால் பாதை வளைவுக்கு அப்பாலும் தெரியும். ஆகையால் அங்கே பாதையைக் கடக்க வரும் வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்தி, "சாமி, ரயிலு வருதா?" என்று என்னைக் கேட்பார்கள். நான் பார்த்துச் சொல்வேன்.

சென்ற மாசி அமாவாசையன்று ரயில்வே அதிகாரி ஒருவர் வந்து, குடை விரித்து உட்கார்ந்து, அந்தி வரை வண்டிகளை எண்ணினார். ஒன்றும் வரவில்லை. அமாவாசையில் எங்கள் பக்கம் மாடு பூட்டுவதில்லை என்று அவரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வந்து ஆஜர் எடுத்தால் பிள்ளைகளே இல்லை என்றுதானே எழுத முடியும் என்றும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

அதன் பின் பங்குனியில், போக்குவரத்து இல்லை என்று சொல்லி வழியை அடைத்துக் கம்பிவேலி போட்டார்கள். மேற்கே நிலம் உள்ளவர்கள் வாடிப்பட்டியைச் சுற்ற வேண்டியதாயிற்று. அதன் பின் மனு மேல் மனு அனுப்பினேன். எண்ணியது சரியே என்று பதில் வந்தது. அதன் பின் நேரில் முறையிட, அவ்வழியில் தினமும் வண்டி ஓட்டிய ஆண்டிச்சாமியைச் சாட்சிக்கு அழைத்தேன்.

"சுத்திப் போனா மாடு இளைக்கும் சாமி. சர்க்காரோட மல்லுக்கட்டுனா நானுல்ல இளைப்பேன்" என்றான்.

நான் மட்டும் மதுரை ரயில்வே ஆபீசுக்குப் போனேன். உமக்கு வண்டி உண்டா, நிலம் உண்டா என்று அங்கே கேட்டார்கள். இல்லை என்றேன். அதன் பின் பல நாள் வாசலில் உட்கார்ந்து ரயில் வருவதைப் பார்த்தேன். சொல்வதற்கு ஆள் இல்லை.

நேற்று விடிந்ததும் கம்பியை வெட்டியவன் நான்தான். யாரும் தூண்டவில்லை. குறடு என்னுடையது. சிறிது நேரத்தில் ஆண்டிச்சாமியின் வண்டி வந்து நின்றது.

"சாமி, ரயிலு வருதா?"

எழுந்து நின்று பார்த்து, "வரல்லே, போ" என்றேன். அவன் கடந்து போனான். கம்பியில் அவன் கை வைக்கவில்லை.

வயதைக் கருதி எச்சரித்து விட்டுவிடுவதாக இந்த ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். வேண்டாம். விட்டுவிட்டால் அமாவாசை விஷயம் எங்கும் பதிவாகாது. வழக்குப் போட்டு விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். விசாரணைத் தேதி மட்டும் அமாவாசையாக இருக்க வேண்டாம். ஆண்டிச்சாமி வர நினைத்தாலும் அன்று வண்டி கட்ட மாட்டான்.

இதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, நான் சொன்னதும் நடந்தபடியே.

(ஒப்பம்) ப. ஹாலாஸ்யம்
15-6-1936