நாலு முதல் ஆறு வரை

— இப்ப எதுக்கு மாப்ளே பெட்டியை ஆட்டினே?

— நான் ஆட்டலை மச்சான்.

— நீ ஆட்டாம வேற யாரு ஆட்டுவா? லிஃப்ட் பெட்டி மேல கிரீஸ் டப்பாவோட குந்தியிருக்கிறது நான். மோட்டார் ரூம்ல சுவிட்சு பக்கத்துல நிக்கிறது நீ. இந்தக் கட்டடத்துல மூணாவதா ஒரு மெக்கானிக் இருக்கானா என்ன?

— இல்லை.

— அப்புறம்?

— சுவிட்சு ஆஃப்லதான் இருக்கு. பாத்துட்டேன்.

— டப்பா கவுந்து பேன்ட் முழுக்க கிரீஸ். இதை வீட்டுல என்ன சொல்லித் துவைக்கப் போடறது? சரி, உன் குரல் ஏன் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி வருது?

— போனை ஸ்பீக்கர்ல போட்டு டூல்ஸ் டப்பா மேல வச்சிருக்கேன். மணி என்ன மச்சான்?

— நாலு அஞ்சு. ஓ, அதுவா சங்கதி. நாலு மணிக்காரர் வந்தாச்சா?

— வந்துட்டார்.

— டாண்ணு வந்துடறாரய்யா. நம்ம கம்பெனியில ஒருத்தனும் இப்படி நேரத்துக்கு வந்து நான் பாத்ததில்லை. அவருக்கு ஒரு அட்டென்டன்ஸ் போட்டுடலாம்.

— இப்ப சிரிக்க வராது மச்சான்.

— சரி சரி. சாப்பிட்டியா? மூணரைக்கு வயித்துல ஏதாவது போடணும்னு டாக்டர் சொல்லியிருக்காரே.

— ரெண்டு வாழைப்பழம் தின்னேன். படிக்கட்டு நாலு தடவை ஏறி இறங்கினேன். முகம் கழுவினேன். செய்யச் சொன்னது எல்லாம் செஞ்சாச்சு.

— மாத்திரை?

— காலைல போட்டது. இனி ராத்திரிக்குத்தான்.

— அந்தப் புது மாத்திரை ஒத்துக்கலையோ?

— மாத்தி ரெண்டு வாரம்தானே ஆகுது. உடம்புக்குப் பழக இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னார். பழைய மாத்திரையில நாள் முழுக்க இருந்தது. இதுல சாயங்காலம் மட்டும்தான். அதுவே பெரிசு.

— இன்னிக்கு மனசுக்கு பத்துக்கு எத்தனை மார்க்?

— ரெண்டு.

— நேத்து நாலுன்னு சொன்னே.

— நேத்து நாலு.

— ரெண்டுன்னா எப்படி இருக்கும்? சும்மா கேக்கறேன். உன்னைப் பேச வச்சுட்டே இருக்கணும்னு தங்கச்சி எனக்கு உத்தரவு போட்டிருக்கா.

— மத்தியானம் வரைக்கும் எல்லாம் அததுக்கான இடத்துல இருக்கும். நாலு மணிக்கு முதுகுல யாரோ ஈரச் சாக்கைப் போட்ட மாதிரி ஆகும். செஞ்ச வேலை எல்லாம் தப்பாச் செஞ்சதாத் தோணும். போட்ட நட்டைப் போடலைன்னு தோணும். கண்ணால பாக்கிறதே நிஜமான்னு சந்தேகம் வரும். அதனால எனக்கு ஒரு உதவி வேணும்.

— சொல்லு ராசா.

— பையில சாக்பீஸ் இருக்குல்ல? பெட்டிச் சட்டத்துக்கு நேரா, செவுத்துல ஒரு கோடு போடுங்க.

— எதுக்கு?

— போடுங்களேன். நாலுக்கு மேல எனக்கு எது தோணினாலும், பக்கத்துல இருக்கிறவங்களையும் ஒரு தடவை பாக்கச் சொல்லிக் கேட்டுக்கணும். அப்படித்தான் பழக்கியிருக்காங்க.

— இப்படியெல்லாமா வைத்தியம் பண்றாங்க. இந்தா, போட்டாச்சு. சட்டத்துக்கு நேரா, நூல் பிடிச்ச மாதிரி. போதுமா?

— போதும். அதை அப்பப்ப பாருங்க.

— நான் வேலையைப் பாக்கிறதா, கோட்டைப் பாக்கிறதா? வேணாம், இன்னிக்கு இது போதும். பெட்டியை எட்டாம் மாடிக்கு எடு. இறங்கி ஒரு டீ குடிச்சுட்டு வந்து பாத்துக்கலாம்.

— எடுக்க முடியாது.

— என்னது?

— இப்ப பெட்டியை நகர்த்த முடியாது மச்சான்.

— ஏன்?

— நாலுல இருந்து ஆறு வரைக்கும் முடிவு எதுவும் எடுக்கக்கூடாது.

— லிஃப்டை ஒரு மாடி ஏத்தறது முடிவா? தினம் அம்பது தடவை ஏத்தறே.

— இன்னிக்கு வேணாம்.

— இங்க பாரு. நான் நிக்கிற இடம் உனக்குத் தெரியும். ஏழாம் மாடிக் கதவு இந்தப் பெட்டிக்குப் பின்னால மறைஞ்சு கிடக்கு. எட்டாம் மாடிக் கதவு தலைக்கு மேல, எக்கினாலும் விரல் படாது. பெட்டி மேல இருக்கிற பட்டன் போர்டு செத்து ஆறு மாசமாச்சு. நீ எடுத்தாத்தான் உண்டு. ஆறு மணி வரைக்கும் இந்தக் குழிக்குள்ள நான் என்ன பண்றது?

— பேசிட்டிருங்க.

— உனக்கு ஏன் மூச்சு வாங்குது?

— ஒண்ணுமில்லை.

— அழறியா?

— இல்லை மச்சான்.

— செவ்வாய்க்கிழமை மாதிரி ஆக்கிடாதே சாமி. நாப்பது நிமிஷம் மெயினை அணைச்சுட்டு மூலையில சுருண்டு உக்காந்துட்டே. ஆறாம் மாடி ஆபீஸ்காரங்க கத்தின கத்தல் இன்னும் என் காதுல நிக்குது.

— அன்னிக்குப் பெட்டிக்குள்ள யாருமில்லைன்னு பாத்துட்டுத்தான் அணைச்சேன்.

— அது யாருக்குத் தெரியும்?

— உங்களுக்குத் தெரியும். உங்ககிட்ட சொன்னேன்.

— இரு, வேற போன் வருது. தங்கச்சிதான். லைன்லயே இரு.

— சரி.

— ஹலோ, இருக்கியா?

— இருக்கேன்.

— நாலேகாலுக்கு உனக்குப் பண்ணினாளாம். நீ எடுக்கலையாம்.

— மணி அடிச்சது கேட்டுது.

— கேட்டா எடுக்க வேண்டியதுதானே? கல்யாண வீட்டுல இருந்தாலும் சாவு வீட்டுல இருந்தாலும் அந்த நாலேகால் போனை நீ விட்டதே இல்லையாம். அவ குரலே சரியில்லை.

— கை ஒழியலை.

— சுவிட்சு ஆஃப்ல இருக்கு, பெட்டி நிக்குது, கை ஒழியலையா? என்னதான் பண்றே அங்க?

— நின்னுட்டிருக்கேன். கோடு எங்க இருக்கு மச்சான்?

— உன் கோடு. இரு, டார்ச் அடிக்கிறேன். அட.

— சொல்லுங்க.

— சட்டத்துக்குக் கீழ போயிடுச்சு. ரெண்டு விரல் இருக்கும்.

— நல்லாப் பாருங்க. கீழயா, மேலயா?

— கீழதான்யா, எனக்குக் கண்ணு தெரியாதா? கோடு கீழன்னா பெட்டி மேல ஏறியிருக்கு. மாப்ளே, நீ நகர்த்துறியா?

— அப்ப நிஜம்தான்.

— எது நிஜம்?

— ஒண்ணுமில்லை. உங்க பையில கொக்கிச் சங்கிலி கிடக்குமே, இருக்கா?

— முதல்ல நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. இந்தப் பெட்டியில நான் ஒருத்தன்தான் கனம். அந்தப் பக்கம் தொங்குற வெயிட் கட்டை இதைவிட நாலு ஆள் கனம் கூட. பிரேக்கை நீ விட்டா பெட்டி கீழ விழாது, மேலதான் போகும். மேல என்ன இருக்கு? நீ நிக்கிற தளம். நடுவுல நான். விளையாடற விஷயமா இது?

— விளையாடலை. சங்கிலியை எடுத்துச் சட்டத்துல சுத்தி, உங்க கால் பக்கம் செவுத்துல இருக்கிற இரும்போட சேத்துக் கட்டுங்க.

— கட்டினா?

— பெட்டி நகராது.

— நகராதுன்னா நான் எப்படி வெளிய வர்றது? என்னை இங்கயே கட்டிப் போடப் பாக்கிறியா?

— மச்சான், கட்டுங்க.

— மேனேஜர் உன்னைக் கூப்பிட்டாரா?

— மத்தியானம் கூப்பிட்டார்.

— அந்தக் கடிதத்தைக் காட்டினாரா?

— படிச்சே காட்டினார். மனநல மாத்திரை சாப்பிடறவர், சாயங்காலத்துல இவரை மோட்டார் அறையில வைக்கிறது உயிருக்கு ஆபத்துன்னு. கீழ உங்க கையெழுத்து. திங்கட்கிழமையில இருந்து வர வேண்டாம்னுட்டார்.

— அதுக்குத்தானா இது?

— எது?

— இதுதான். இங்க என்னை நிறுத்தி வச்சு வேடிக்கை பாக்கிறது. கேளு மாப்ளே, அவர்தான் எழுதச் சொன்னார். இன்ஷூரன்ஸ் அது இதுன்னு பயமுறுத்தினார். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு. உன் நல்லதுக்கும்னு நினைச்சுத்தான்.

— தெரியும்.

— என்ன தெரியும்? திட்டித் தொலையேன். கத்து. இப்படி அமைதியாப் பேசாதே, பயமா இருக்கு.

— கத்தினா மூச்சு போயிடும்.

— மத்தியானமே தெரிஞ்சும் எப்படி என் கூடப் படியேறி வந்தே? வழியெல்லாம் ஒரு வார்த்தை சொல்லலையே நீ.

— சொன்னா சண்டை வரும். சண்டை போட்டுட்டு உங்களைப் பெட்டி மேல ஏத்த எனக்குப் பிடிக்கலை. கோடு?

— மூணு விரல். கம்பி முனகுது. மாப்ளே, நான் வாட்ச்மேனைக் கூப்பிடப் போறேன். கம்பெனிக்கும் சொல்லப் போறேன்.

— கூப்பிடுங்க. ஓடி வரச் சொல்லுங்க.

— என்ன ஆளுய்யா நீ.

— சீக்கிரம்.

— கூப்பிட்டாச்சு. பத்து மாடி, பெரிய தொந்தி, எப்ப வந்து சேருவானோ. அதுவரைக்கும் ஏதாவது பேசு. சும்மா இருக்காதே. நீ சும்மா இருந்தா எனக்கு என்னென்னமோ ஓடுது.

— எனக்கும் தினம் அப்படித்தான் ஓடும்.

— தினமா?

— தினம் ரெண்டு மணி நேரம். உங்களுக்கு இன்னிக்குத்தான் முதல் தடவை. ஒண்ணு சொல்றேன், மனசுல என்ன ஓடினாலும் கையை ஒரு வேலையில வைங்க. அதுதான் கொஞ்சம் கேக்கும். சங்கிலியை எடுத்துட்டீங்களா?

— எடுத்து மடியில வச்சிருக்கேன். கட்டலை. இரு, வாட்ச்மேன் பேசறான். கதவைத் தட்டுறானாம். உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்காம்.

— வேலை நடக்கும்போது தாழ் போடணும்னு சொன்னது நீங்கதான்.

— இப்ப நானே சொல்றேன், திற.

— கதவு எட்டடி தள்ளியிருக்கு.

— எட்டடி உனக்கு நடக்க முடியாதா?

— முடியாது. உடைக்கச் சொல்லுங்க.

— மாப்ளே, உண்மையைச் சொல்லு. நீ உன்னையே ஏதாவது பண்ணிக்கப் போறியா?

— இல்லை. இந்தக் கேள்வியை உங்க தங்கச்சி தினம் நாலேகாலுக்குக் கேப்பா. அவகிட்ட சொல்ற பதில்தான் உங்களுக்கும். இல்லை.

— அப்ப என்னை?

— சங்கிலி மச்சான். எனக்கு ரொம்ப நேரம் இல்லை.

— கடிதத்தைத் திரும்ப வாங்கிடறேன். திங்கட்கிழமை நானே மேனேஜர்கிட்டப் போய் நிக்கிறேன். தங்கச்சி மேல சத்தியம்.

— கடிதம் கிடக்கட்டும். இப்ப கட்டுங்க.

— கட்டறேன். கட்டறேன்யா. கிரீஸ் கை, கொக்கி வழுக்குது. சட்டைத் துணியால பிடிக்கிறேன். மாட்டிட்டேன்.

— எத்தனை சுத்து?

— ரெண்டு.

— மூணாக்குங்க. மெதுவாப் பண்ணுங்க. விழுந்துடாதீங்க.

— மூணு சுத்தியாச்சு. இழுத்துப் பாத்துட்டேன். அசையலை. சரி, நீ சொன்னபடி எல்லாம் செஞ்சுட்டேன். இனிமே எங்கயும் ஓட முடியாது என்னால. இப்பவாவது சொல்லு, என்னை என்னதான் பண்ணப் போறே?

— பெட்டி ஆடிச்சுன்னீங்களே, அப்பவே பிரேக் ஸ்பிரிங் உடைஞ்சு தெறிச்சுடுச்சு மச்சான். சொல்லியிருந்தா நீங்க அந்தக் கதவுக்கு எக்கிக் குதிச்சிருப்பீங்க. அதுல இருந்து மோட்டார் சக்கரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு நிக்கிறேன், கை வழுக்கும்போதெல்லாம் பெட்டி ஒரு விரல் மேல போயிடுது. சங்கிலி தாங்குமான்னு இன்னொரு தடவை நல்லாப் பாத்துச் சொல்லுங்க, விட்டுடறேன்.