மொத பீரியடு கணக்கு

ஏலே சோலைமலை, அந்த ஒத்த வடைய எம்புட்டு நேரம்டா மொறைச்சுப் பாப்ப? கட்டிக்கப்போற புள்ளையக்கூட இப்படிப் பாக்க மாட்ட. ரொனால்டு, நீ சிரிக்காத. சர்ச்சுல சாமியார் பிரசங்கத்தை ஆரம்பிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு தூக்கம் போடுற ஆளு நீ. டீயக் குடிச்சிட்டு எந்திரிங்கடா. பள்ளிக்கூடத்துக்குப் போகணும்.

ஆமாப்பு, பள்ளிக்கூடத்துக்குத்தான். ஒம்பதாப்போட நின்னவன் நானு, பத்தாப்பு பரிச்சையன்னிக்கு ஓடிப்போனவன் நீயி, போயும் பெயிலானவன் அவன். நம்மள மாலை போட்டுக் கூப்பிடலடா. இன்னைக்கு ஆபீசர் வாராரு. எச்செம் கிளாரா மிஸ் மேல விசாரணை.

எவனோ மேலிடத்துக்குப் போன் போட்ருக்கான்ல. பேரு சொல்லாம, மொட்டப் போனு. பிள்ளைக பத்து மணிக்கு ஆடி அசைஞ்சு வருதுக, எச்செம் ஒரு வார்த்தை கேக்குறதில்ல, காலையில நடத்த வேண்டிய கணக்கை மத்தியானத்துக்குத் தள்ளி வச்சிருக்காகன்னு.

பொய்யா? அதாண்டா கொடுமை. அம்புட்டும் நெசம்.

ஏன் தள்ளி வச்சாங்கன்னு ஒனக்குத் தெரியாதா? நீயும் நானும் விடியறதுக்கு முன்ன மல்லி மொட்டுப் பறிச்சு, கமிஷன் கடையில போட்டுட்டு, மூச்சு எரைக்க ஓடியாந்தா மொத பீரியடு கணக்கு பாதி முடிஞ்சிருக்கும். அப்ப இருந்த சாரு வெளிய நிறுத்திருவாரு. வருசம் பூரா கணக்கை நான் சன்னல் வழியாத்தானடா படிச்சேன். கணக்கு வரல. வராண்டாவுல எந்தத் தூணுல எந்தப் பல்லி குடியிருக்குன்னு மட்டும் நல்லா வந்துச்சு.

கிளாரா மிஸ் வந்த புதுசுல என்ன செஞ்சாங்க? லேட்டா வர்ற பிள்ளையத் திட்டல. விடியக்காலையில ஸ்கூட்டிய வரப்போரமா நிறுத்திட்டு, தோட்டத்துக்குள்ள வந்து பாத்தாங்க. அப்புறம் பெத்தவங்க கூட்டத்துல பேசுனாங்களே, எங்கம்மாகூட நானும் போயிருந்தேன். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மணி அடிக்கிறோம், அதனால எல்லாரும் சமம்னு நெனைக்கிறோம். ஒரு பிள்ளை தூங்கி எந்திரிச்சு வருது, இன்னொரு பிள்ளை ஒரு வேலை முடிச்சிட்டு வருது, இதுல எங்கங்க சமம் இருக்குன்னாங்க. டவுன்ல வாத்தியார் சரியில்லன்னா டியூஷன் இருக்கு, இங்க நான் சரியில்லன்னா இந்தப் பிள்ளைகளுக்கு என்ன இருக்குன்னாங்க. எனக்கு அன்னைக்கு எந்த ஜோக்கும் வரலடா.

எந்தங்கச்சி பவித்ரா பத்தாப்பு. காலாண்டுல கணக்குல எம்பத்திரெண்டு. எங்க வம்சத்துலயே கணக்குல ரெண்டு எலக்கம் பாத்த மொத ஆளு அவதான். எங்கப்பா அந்தப் பேப்பரைத் தலைகீழா வச்சுப் பாத்துட்டு, அப்பவும் நல்ல மார்க்காத்தான் தெரியுதுன்னாரு.

இப்ப என்னாச்சு? விசாரணை முடியுற வரைக்கும் பழையபடி நடத்துன்னு உத்தரவு. கணக்கு மறுபடி மொத பீரியடு. பவித்ரா மொட்டுப் பறிச்சிட்டு வந்து சேர்றதுக்குள்ள பாடம் முடிஞ்சிருது. நேத்து வந்தா, பைய மூலையில போட்டா. அண்ணே, நாளையிலருந்து நானும் ஒங்கூடப் பூ மூட்டை ஏத்த வாரேன்னா. அழுதிருந்தாக்கூடத் தாங்கிருப்பேன்டா. சிரிச்சிக்கிட்டே சொன்னா. எஞ்சிரிப்பு அது.

லோடு கெடக்கட்டும்டா. பூ வாடுனா வாடட்டும். நீ வந்து ஆபீசர்ட்ட, சார், லேட்டா வந்தவங்க நாங்க, வெளிய நிறுத்துனதால கெட்டவங்க நாங்க, எங்களப் பாருங்கன்னு மட்டும் சொல்லு. வேற பேச வேண்டாம். நின்னாலே போதும், ஒம் மூஞ்சியப் பாத்தா நம்பிருவாரு.

இன்னொண்ணு ஒங்களுக்குத் தெரியாது. மிஸ்ஸுக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்திருந்துச்சு. தொப்பம்பட்டிக்கு, அவங்க வீட்டுக்காரர் இருக்குற எடம். பவித்ராதான் வந்து சொன்னா, மிஸ் போறாங்களாம்ணேன்னு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. கொடைரோட்டுல டீக்கடையில ஒரு பெரிய மனுசன் சொன்னாரு, புகார் ஒண்ணு விசாரணையில இருந்தா அந்த ஆளை எடத்தை விட்டு விடமாட்டாங்கப்பா, ட்ரான்ஸ்ஃபர் அப்படியே நின்னுபோகும்னு. பெரிய புகாரா இருக்கக் கூடாது, பேரு கெட்டுரும். சும்மா சின்னதா. லேட்டா வர்றது, பீரியடு மாத்துனது, இந்த மாதிரி.

ட்ரான்ஸ்ஃபர் நின்னுச்சு. ஆனா இப்ப அவங்களைத் தண்டனையா வேற எங்கயோ தூக்கி அடிக்கப் போறாங்களாம். வீட்டுக்காரர்ட்டயும் இல்ல, இங்கயும் இல்ல.

என்னடா அப்படிப் பாக்குற? யாரு அந்த நாயி, கையில கெடைச்சா மிதிக்கணும்ங்கிறியா? மிதிடா. ஆனா ஆபீசர் போன பெறகு மிதி. அவர்ட்ட நான் சொல்லியாகணும். தனியாப் போனா எப்பவும்போல எதையாவது ஒளறி, சிரிக்க வச்சிட்டுத் திரும்பி வந்துருவேன். அதுக்குத்தான் நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல வேணும்.

ஏலே, சிரிக்காதடா ரொனால்டு. இது ஜோக்கு இல்ல. போன் போட்டது நான்தான்.