கடைசி லேனுக்கு ஒரு மூச்சு

சித்ரா: …இப்ப இன்னாயா? ஏன் நிறுத்தின?

தமிழ்வாணன்: மறுபடியும் முந்திக்கினமே. படத்துல அவ இன்னும் தண்ணிக்குள்ளதான் கீறா. நீ அதுக்குள்ள மூச்சு வுட்டுட்ட.

சித்ரா: நான் எங்க முந்தினேன்? காலைல இதே எடத்துலதான் தலைய தூக்கினா. கரைமேல வெள்ளைக் கோட்டு போட்டுகினு ஒரு ஆளு நிக்கறாரே, அவருக்கு நேரா.

தமிழ்வாணன்: படம் இன்னா ரப்பரா, இழுக்கறதுக்கு? அதே படம்தான்.

சித்ரா: அப்ப காலைல எடுத்தத போடு. பாத்துடலாம்.

தமிழ்வாணன்: போடறேன், இரு… ஷெட்டுக்கு வண்டி போவுது.

சித்ரா: அண்ணனூர்ல ரயில் பக்கத்துல ஒக்காந்துகினு சத்தம் புடிக்கற கடை போட்ட பாரு… உன்னதான் சொல்லணும்.

தமிழ்வாணன்: சொந்த ஊடுமே. வடபழனில நமக்கு கக்கூஸ் கூட கெடைக்காது. …சரி, போயிடுச்சு.

சித்ரா: போடு.

தமிழ்வாணன்: ஊர்ல இத்தினி பேரு சினிமாவுக்கு சவுண்டு எஃபெக்ட்ஸ் பண்றாங்க. குதிரை ஓட்றது, கண்ணாடி ஒடைக்கறதுன்னு சோக்கா காலம் தள்றாங்க. நாம பாரு, எந்தக் காலத்துலயோ சீமைல நடந்த பொம்பளைங்க நீச்சல் போட்டிக்கு, ஊமைப் படத்துக்கு, அண்டாவுல தண்ணிய அடிச்சிகினு…

சித்ரா: நான்தான ஒத்துக்கச் சொன்னேன்.

தமிழ்வாணன்: அதான் எனக்கு ஆச்சரியம். ஆடி மாசத்துலேர்ந்து தண்ணி சத்தமே ஆவாதுன்னு கீற. மழை சீன கூட திருப்பி அனுப்பிட்ட. இத மட்டும்…

சித்ரா: படத்த போடுன்னேன்.

தமிழ்வாணன்: தோ. வரிசையா வந்து நிக்கறாங்க பாரு. நாம பேரு வெச்ச டீச்சரம்மா. பக்கத்துல கோழிக்கழுத்து. அப்பால நம்ம கோவக்காரி.

சித்ரா: கோவக்காரி மூச்ச நல்லா புடிச்சேன்ல? சண்டைக்கு வர்ற மாதிரி புஸ்ஸுன்னு வுடுவா.

தமிழ்வாணன்: அத்தினி பேருக்கும் ஒரே ஆளு மூச்சு வுட்டுதுன்னு சொன்னா எவனும் நம்பமாட்டான்… தோ, கடைசி லேன்காரி. வெள்ளைத் தொப்பி. குதிக்கறதுக்கு முன்னாடி இன்னா பண்றா பாரு. இடது காலால வலது கெண்டைக்கால சொறிஞ்சிக்கறா.

சித்ரா: கொசு கடிச்சிருக்கும்.

தமிழ்வாணன்: சீமைல ஏதுமே கொசு?

சித்ரா: அத வுடு. கடைசி திருப்பத்துக்குப் போ.

தமிழ்வாணன்: போறேன்… சுவத்த தொட்டுட்டு திரும்பறாங்க. ஒதைச்சிகினு உள்ள போறாங்க. டீச்சரம்மா மேல வந்துட்டா. கோழிக்கழுத்தும் வந்துட்டா. கடைசி லேன்காரி மட்டும்…

சித்ரா: உள்ளாறயே போறா.

தமிழ்வாணன்: அந்தக் காலத்துல தவளை நீச்சல்ல தண்ணிக்குள்ளயே போலாமாம். தண்ணிக்குள்ள போனா வேகமா போலாமாம். டைரக்டர் வெங்கட்டு தம்பிதான் சொல்லிச்சு. அப்பால, பாதில மயக்கம் போடறாங்கன்னு தடுத்துட்டாங்களாம்.

சித்ரா: சத்தத்த ஏத்து. …தா, என் மூச்சு. கேட்டியா?

தமிழ்வாணன்: ம்.

சித்ரா: வெள்ளைக் கோட்டுக்கு நேரா கேக்குது. தலை எங்கயா? இன்னும் தண்ணிக்குள்ளதான கீது. காலைல ரெண்டும் ஒண்ணா சேந்து வந்துச்சு. நீயே சபாஷ்ன்ன.

தமிழ்வாணன்: மெஷின்ல எதுனா கோளாறா இருக்கும்.

சித்ரா: தண்ணிக்குள்ளேர்ந்து யாருனா மூச்சு வுடுவாங்களா? காதுல கேக்க சகிக்கல.

தமிழ்வாணன்: அத வுடு. தொடறதும் தப்பா கீது. கடைசில ஒத்தக் கையால அண்டாவ தட்டற. ரெண்டு கையும் ஒண்ணா சுவத்த தொடணும். ஒத்தக் கையால தொட்டா நீந்தினதே செல்லாது.

சித்ரா: ஒரு கையால மூக்க புடிச்சிகினு கீறேன். மூணாவது கைக்கு எங்க போறது?

தமிழ்வாணன்: சரி, அத தனியா எடுத்துக்கலாம். …ஐய, வயர் மேலெல்லாம் தண்ணி. தொடைக்க எதுனா குடு. கொடில ஒரு துண்டு தொங்குதே…

சித்ரா: அத தொடாத!

தமிழ்வாணன்: …தொடல.

சித்ரா: தா, என் முந்தானைல தொடை.

தமிழ்வாணன்: வெய்யில்லயும் மழைலயும் கெடந்து நைஞ்சி போச்சுமே அது.

சித்ரா: தொங்கட்டும்.

தமிழ்வாணன்: தொங்கட்டும், தொங்கட்டும். நான் ஒண்ணியும் சொல்லல.

சித்ரா: இந்தத் தண்ணி எப்ப புடிச்சது?

தமிழ்வாணன்: காலைல. லாரித் தண்ணி. ஏன்?

சித்ரா: பாசி நாத்தம் அடிக்குது.

தமிழ்வாணன்: அண்டாவ நான்தான தேச்சேன்…

சித்ரா: கைய வுட்டுப் பாரு. எப்டி ஜில்லுனு கீதுன்னு. அடில இன்னாது இது, நறநறன்னு? கல்லுப்பொடி மாதிரி…

தமிழ்வாணன்: லாரிக்காரன் எங்கேர்ந்து எடுத்தானோ. கைய எடு. எடுன்றேன்ல.

சித்ரா: இன்னாத்துக்கு பதர்ற?

தமிழ்வாணன்: நான் எங்க பதர்றேன்… அக்கா போன் பண்ணுச்சு. நசரத்பேட்டைலேர்ந்து.

சித்ரா: இன்னாவாம்?

தமிழ்வாணன்: தை பொறந்துடுச்சே, நாள் குறிச்சிடலாமான்னு கேக்குது.

சித்ரா: எதுக்கு நாளு?

தமிழ்வாணன்: எதுக்குன்னா… தெரியாத மாதிரி கேக்காத சித்ரா. எத்தினி நாளு இப்டியே வுட்டு வெப்பாங்க? காரியம் பண்ணாதான் ஆத்மா…

சித்ரா: கல்குட்டைல அவ எறங்கினது எல்லாருக்கும் தெரியும். மேல வந்தத எவனாவது பாத்தானா?

தமிழ்வாணன்: ஃபயர் சர்வீஸ்காரன் அத்தினி நாளு தேடினானே…

சித்ரா: தேடினான். கெடைக்கல. மேல வராதவளுக்கு இன்னா காரியம்? மேல வரட்டும், அப்பால பண்ணலாம். பெத்தவ நான் சொல்றேன். உங்க அக்காவ வாய மூடிகினு இருக்கச் சொல்லு.

தமிழ்வாணன்: சரி. …சரி வுடு. அழாத.

சித்ரா: யாரு அழறா? அண்டா தண்ணி தெறிச்சிச்சு.

தமிழ்வாணன்: இரு, போன் அடிக்குது. வெங்கட்டு தம்பி. ஸ்பீக்கர்ல போடறேன். …சொல்லுங்க டைரக்டர் சார்!

வெங்கட்: அண்ணே, நேத்து அனுப்பின சவுண்டு கேட்டேன். பிரமாதம்! அக்கா பக்கத்துல இருக்காங்களா? அந்தக் கோவக்காரி மூச்சுக்கு நான் விசில் அடிச்சேன்னு சொல்லுங்க.

தமிழ்வாணன்: கேட்டுகினுதான் கீது.

வெங்கட்: ஒரே ஒரு சந்தேகம். ஒரு மூச்சு கூடுதலா இருக்கே.

தமிழ்வாணன்: கடைசி லேன்தான? கொஞ்சம் முந்திகினு வருது. அதத்தான் சரி பண்ணிகினு கீறோம்.

வெங்கட்: கடைசி லேன்ல யாரு?

தமிழ்வாணன்: அதான் தம்பி… வெள்ளைத் தொப்பி பொண்ணு.

வெங்கட்: விளையாடாதீங்க அண்ணே. அது காலி லேன். அந்த லேனுக்குப் பேர் குடுத்த பொண்ணு அன்னைக்குப் போட்டிக்கே வரலை. உடம்புக்கு முடியலையாம். அங்க வெறும் தண்ணிதான் இருக்கு. அந்த மூச்சை மட்டும் எடுத்துட்டு சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க. அப்புறம், படம் வெளியாகுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, சரியா? வெச்சிடறேன்.

சித்ரா: …காலியாமே.

தமிழ்வாணன்: ம்.

சித்ரா: வெறும் தண்ணியாம்.

தமிழ்வாணன்: அவன் சரியா பாத்திருக்க மாட்டான்.

சித்ரா: நீ பாத்தியா?

தமிழ்வாணன்: நான் எங்க பாத்தேன்? நான் மைக்க பாத்துகினு இருந்தேன். நீ சொன்ன, தலைய ஆட்னேன்.

சித்ரா: முந்திக்கினன்னு சொன்னது யாரு?

தமிழ்வாணன்: அது… ஒரு கணக்குல சொன்னேன்.

சித்ரா: கால சொறிஞ்சாளே. அது யாரு கணக்கு?

தமிழ்வாணன்: பழைய பிலிம்மு சித்ரா. கீறல் வுழுந்திருக்கும்.

சித்ரா: கீறலு தொப்பி போட்டுகினு வருமா? டபாய்க்காதயா.

தமிழ்வாணன்: எனக்கு பயமா கீதுமே. சொல்லிட்டேன், போதுமா? பயமா கீது. அந்த மூச்ச எடுத்துட்டு அனுப்பிடலாம். அண்டாவ கவுத்துடலாம்.

சித்ரா: எடுத்தா அவ மேல வரமாட்டா.

தமிழ்வாணன்: யாரு?

சித்ரா: …கடைசி லேன்காரி.

தமிழ்வாணன்: சித்ரா…

சித்ரா: மொத தபா பாதி தூரத்துல வந்தா. நான் வுட்டேன், வந்தா. அடுத்த தபா இன்னும் தள்ளி வந்தா. இப்ப நான் வுட்டும் வரல. ஏன்னு தெரியுமா? அவ அடக்கிகினு போறா, நான் பாதிலயே வுட்டுடறேன். அவள நடுவுல தனியா வுட்டுட்டு நான் மட்டும் காத்து வாங்கறேன்.

தமிழ்வாணன்: ஒளறாத.

சித்ரா: ஒரே ஒரு டேக்கு. அவ அடக்கற வரைக்கும் நானும் அடக்கறேன்.

தமிழ்வாணன்: அவ வரலேன்னா?

சித்ரா: மைக்க கிட்ட தள்ளு.

தமிழ்வாணன்: வரலேன்னா நீ இன்னா பண்ணுவன்னு கேக்கறேன்.

சித்ரா: ரெண்டு கையாலயும் வாயயும் மூக்கயும் மூடிக்கறேன். அப்பதான் பாதில வுடமாட்டேன். நீ பாத்து சொல்லிகினே வா. கண்ண மூடாத. நீ கண்ண மூடிப்ப, எனக்குத் தெரியும்.

தமிழ்வாணன்: மூடல.

சித்ரா: போடு.

தமிழ்வாணன்: …கடைசி திருப்பம். டீச்சரம்மா தொட்டா. கோவக்காரி தொட்டா. எல்லாரும் திரும்பிட்டாங்க. கடைசி லேன்… உள்ள போயிட்டா. மூடிக்கோ.

சித்ரா: …

தமிழ்வாணன்: போறா. கால மடிச்சி ஒதைக்கறா. கைய வெலக்கறா. அழகாத்தான் போறா. மத்தவங்க எல்லாம் மேல வந்துட்டாங்க. இவ மட்டும் கீழ… வெள்ளையா தெரியுது, தொப்பி.

சித்ரா: …

தமிழ்வாணன்: வெள்ளைக் கோட்டுகிட்ட வந்துட்டா. மேல பாக்கறா… இல்ல, வரல. தாண்டிட்டா. இன்னும் கீழ எறங்கறா. எங்க எறங்கற நீ? மேல வா…

சித்ரா: …

தமிழ்வாணன்: ஷெட்டு வண்டி வருது. வந்தா வரட்டும், நான் நிறுத்த மாட்டேன். நீ வுடாத… இல்ல, வுட்டுடு. சித்ரா, மூஞ்சி கறுக்குது. போதும், வுடு.

சித்ரா: …

தமிழ்வாணன்: டீச்சரம்மா தொட்டுட்டா. ஜெயிச்சிட்டா. எல்லாரும் கை தட்டறாங்க. இவள ஒருத்தன் கூட பாக்கல. இத்தினி பேரு கரையில நின்னுகினு ஒருத்தன் பாக்கலயே… ஒதைக்கறத நிறுத்திட்டா. சித்ரா, அவ கால நிறுத்திட்டா!

சித்ரா: …

தமிழ்வாணன்: கைய எடு! உன்னயும் குடுத்துட்டு நான் இன்னா பண்ணுவேன்? அவதான் வரமாட்டா, நீயாவது… எடுமே!

சித்ரா: …

தமிழ்வாணன்: இரு. …இரு, இரு. கேட்டுச்சா?

சித்ரா: …

தமிழ்வாணன்: மூச்சு. என் காதுல. ஹெட்போன்ல. அண்டாலேர்ந்து வருது… நீ வாய மூடிகினுதான கீற? இது யாரு மூச்சு?

சித்ரா: …

தமிழ்வாணன்: அண்டாவ தட்டினது யாரு? ரெண்டு கையும் ஒண்ணா… டப்புனு… உன் கை ரெண்டும் மூஞ்சில கீது சித்ரா. உன் ரெண்டு கையும் மூஞ்சிலதான் கீது!

சித்ரா: ஹா…! ஹா… ஹா…

தமிழ்வாணன்: மூச்ச இழு. நல்லா இழு. பைத்தியக்காரி. இழு.

சித்ரா: தொட்… தொட்டாளா?

தமிழ்வாணன்: தொட்டா.

சித்ரா: ரெண்டு கையாலயுமா?

தமிழ்வாணன்: ரெண்டு கையாலயும். அண்டா விளிம்ப பாரு… ரெண்டு பக்கமும் வெரலு வெரலா ஈரம். பாசியோட.

சித்ரா: நீ அழுவற.

தமிழ்வாணன்: மொத நாளே தெரிஞ்சிடுச்சுமே. காலால கால சொறிஞ்சாளே, அப்பவே. பள்ளிக்கூடத்துல நம்ம புள்ளைய மேடை ஏத்தினா கூட அப்டித்தான சொறிஞ்சிகினு நிக்கும்… நீ தாங்கமாட்டன்னுதான் உன்னாண்ட மூச்சு வுடல. பாத்தா போதும்னு நானும் இன்னொரு டேக்கு, இன்னொரு டேக்குன்னு…

சித்ரா: எனக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும். அந்தத் தம்பி போன்ல படத்த காட்டினப்பவே. இல்லேன்னா தண்ணி சத்தத்துக்கு நான் ஒத்துப்பேனா?

தமிழ்வாணன்: …படத்துல இப்ப காலியா கீது. கடைசி லேன். வெறும் தண்ணி.

சித்ரா: இனிமே காலியாத்தான் இருக்கும். அக்காவுக்கு போன் போடு. நாள் குறிக்கட்டும்.

தமிழ்வாணன்: நெசமாவா சொல்ற?

சித்ரா: நெசமாத்தான். அதுக்கு முன்னாடி கொடில கீற துண்ட எடுத்துகினு வா… மெதுவா, சத்தம் போடாத. நம்ம பிரியா கரையேறிட்டாயா. ஈரத்தோட நிக்கறா, தல தொவட்டி வுடணும்.