முதல் வகுப்புக்கு யார் போவது?

மேடையில் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியர் முனிகிருஷ்ணன் ஐயா அவர்களே, உடன் பணிபுரியும் ஆசிரியர்களே, ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸை இன்று விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். மூன்றாம் வகுப்பு எடுக்கும் நான் மேடையில் பேசிப் பழகாதவள். ஆனால் இன்று என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

போன வியாழக்கிழமை பள்ளிக்கு வரும் வழியில், பேருந்திலேயே நெஞ்சுவலி வந்து நம்மை விட்டுப் போனார் முதல் வகுப்பு ஆசிரியை சுலோச்சனா. பொறுமைசாலி என்றார்கள் எனக்கு முன் பேசியவர்கள். பொறுமைசாலியா! ஒரு பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்றால் அவரைப் போலத் தவித்தவர் யார்?

சென்ற ஆண்டு கல்வி அதிகாரி ஆய்வுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? சுலோச்சனா டீச்சர் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். நம் பள்ளி வழக்கப்படி முதல் வகுப்புப் பிள்ளைகள் கைகட்டி நின்று, பாடம் முழுவதையும் ஒரே குரலில், ராகம் பிசகாமல் ஒப்பித்தார்கள். "பாகுந்தி", நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில் மெச்சி எழுந்துவிட்டார் அதிகாரி. டீச்சர் விடவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று கரும்பலகையில் எழுதினார்: 'யாமினி வீட்டு எருமை இன்று குளிக்கவில்லை.'

எந்தப் புத்தகத்திலும் இல்லாத வரி. ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை. யாமினியே திறக்கவில்லை!

அதிகாரி போனதும் நம் ஐயா கொதித்தார். "ஏம்மா, ஸ்கூல் மானத்தை நீயே வாங்கிட்டியே!"

"நம்ம மானம் போனா திரும்ப வந்துரும் சார். இதுங்க படிக்கத் தெரியாமலே மேல மேல போய்க்கினு இருக்குதுங்களே, அந்த வருஷம் திரும்ப வருமா?"

ஐயா இப்போது கண்ணைத் துடைக்கிறார். அன்று முதல் ஒரு வாரம் டீச்சருடன் பேசவில்லை.

மறுநாள் முதல் தினமும் ஒரு புது வரி, யாராவது ஒரு பிள்ளையின் பெயரில். இதோ தாய்மார்கள் நடுவே உட்கார்ந்திருக்கும் பிரியங்கா சண்டைக்கே வந்தார். "எம் பொண்ணு பாட்டாட்டம் படிக்குது டீச்சர்!"

"பாட்டாட்டம்தாம்மா படிக்குது. கண்ணு ஜன்னல்ல கீது, வாய் மட்டும் பாடத்துல கீது."

சில மாதங்கள் கழித்து அவர் மகள் தரணி பலகையில் விரலை வைத்து, திக்கித் திக்கி வாசித்தாள்: 'தரணியின் அப்பா தோசையைக் கருக்கிவிட்டார்.' வாசலில் நின்ற பிரியங்கா, "எங்க ஊட்டு மானமும் போச்சு டீச்சர்!" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

அந்த வகுப்பு இனி என்ன ஆகும்? நம் தமிழ்ப் பிரிவுக்குப் புதிய ஆசிரியர் வரும்வரை இந்த ஆண்டுப் பிள்ளைகளைத் தெலுங்குப் பிரிவில் உட்கார வைக்கலாம் என்கிறார்கள். ஆந்திராவில் வாழும் நமக்குத் தெலுங்கு அயல் மொழியா? இல்லவே இல்லை. "ஒண்ணுல எழுத்தைப் புடிச்சிட்டா இன்னொண்ணு தானா வரும்" என்றவர்தான் சுலோச்சனா டீச்சரும். ஆனால் இவர்கள் ஒன்றிலும் இன்னும் பிடிக்கவில்லையே! நேற்று அந்த அறையைக் கடந்து போனேன். ஆசிரியர் இல்லாத வகுப்பில், யாரும் சொல்லாமலே, பக்கத்து வகுப்புகளைப் பார்த்துக் கைகட்டி நின்று, ராகம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். எவர் கண்ணும் புத்தகத்தில் இல்லை.

ஐயா, இத்தனை பேர் முன்னிலையில் கேட்கிறேன். திங்கட்கிழமை முதல் அந்தப் பிள்ளைகள் என் அறைக்கு வரட்டும். என் வகுப்பிலும் எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், சேர்ந்தே உட்காரட்டும். இடம் போதாவிட்டால் வராந்தா இருக்கிறது. கடைசிப் பிள்ளை தானாக ஒரு வரி வாசிக்கும்வரை நான் விடமாட்டேன்.

அடுத்து மௌன அஞ்சலி என்றார்கள். எழுந்து நிற்கிறேன். ஆனால் அதற்கு முன் உங்கள் பதில் வேண்டும், ஐயா. இந்தக் கேள்விக்கு மட்டும் மௌனம் வேண்டாம்.