சத்தம் இல்லாத ஃபேன்

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி தூசிதான் சார். நெய்வேலியில் அது கொஞ்சம் தாராளமாகவே கிடைக்கும். காலையில் துடைத்த மேசையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற இடத்தில் இருந்துகொண்டு இதைக் குறையாகச் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

நெடுமாறன், இன்ஸ்ட்ருமென்ட் பிரிவு, பெர்மனென்ட் என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள். அந்தக் கம்ப்யூட்டர் நான் பள்ளிக்கூடம் போன காலத்து மாடல். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. காயலான் கடையில் எடைக்குக் கிடந்ததைத் தூக்கி வந்து, கண்ணும் கருத்துமாகத் துடைத்து, உயிர் கொடுத்தது நான்தான். அதில் உட்கார்ந்து சின்னச் சின்ன புரோகிராம் எழுதுவேன். சீட்டு கிடையாது, குடி கிடையாது, இது ஒன்றுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

அதன் பின்பக்கத்து ஃபேன் போடுகிற இரைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். சமையலறை, தோட்டம், எங்கே நின்றாலும் கேட்கும். ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது என்பது எங்கள் வேலையில் பாலபாடம். வீட்டிலும் நான் அப்படித்தான். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அணைத்துவிட்டுத்தான் எழுவேன். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டால் பிறகு நடந்தது சுலபமாகப் புரியும்.

என் மனைவி மணிமொழிக்குத் தலைவலி வரும். அவளுக்காகத்தான் ஃபேனை மாற்றினேன். அவள் கேட்கவில்லை. கேட்காமலே செய்கிறவன் நான். எங்களுக்குள் பெரிய சண்டை என்று எதுவும் கிடையாது. நான் சொல்வேன், அவள் கேட்டுக்கொள்வாள். கேட்காதபோது கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். போன பொங்கலுக்குக் காடாம்புலியூரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அந்தப் பேச்சு முடிந்தபோது அவளுக்கு இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாக டாக்டரிடம் அவளே சொன்னாள். அப்படிச் சொல்லச் சொல்லி நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை.

புது ஃபேனைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு உடனே மூடியைத் திறக்கக் கூடாது சார், கண்டன்சரில் கரண்ட் நின்றுகொண்டிருக்கும். பொறுமையில்லாதவன் அங்கேதான் அடி வாங்குவான். நான் குளித்து, சாப்பிட்டு, செய்தி பார்த்துவிட்டு வந்து திறந்தேன். பழைய ஃபேனின் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் வெட்டி, புதியதை அதில் வைத்துப் பற்றவைத்தேன். காற்று எந்தப் பக்கம் போகும் என்று ஃபேனின் சட்டத்திலேயே அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் திருப்பி மாட்டினால் நெய்வேலித் தூசி மொத்தமும் உள்ளே போய்விடும். ஸ்க்ரூவுக்கு அடியில் ரப்பர் வாஷர் கொடுத்தேன். கடைசியாக ஓர் ஊதுபத்தியைப் பின்னால் காட்டினேன். புகை வெளிப்பக்கமாக அழகாக விலகிப் போனது. சத்தம் என்பது மருந்துக்குக்கூட இல்லை. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். பழைய ஃபேனை அன்றைக்கே பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று சமையலறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள். "நீங்க எப்ப வந்தீங்க?" என்றாள், ஏதோ நான் வெளியூரிலிருந்து வந்தவன் போல. அதற்குப் பிறகு தினமும் இதே கதைதான். துணி மடித்துக்கொண்டிருப்பாள், நான் போய் நின்றால் தூக்கிவாரிப் போடும். சொந்த வீட்டில் சொந்தப் புருஷனைப் பார்த்து ஒருத்தி திடுக்கிடுவது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். வேலைக்குப் போகும்போது அவள் பாதுகாப்புக்காக இரண்டு கதவையும் வெளியே பூட்டிக்கொண்டு போவேன், பகலில் தூங்குவேன். ஒரு நாள் மதியம் சீக்கிரமே விழிப்பு வந்துவிட்டது. சத்தம் காட்டாமல் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தேன். நான் தூங்குகிறேன் என்ற நினைப்பில் அவள் சமையலறையில் அக்கா பெரியநாயகியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் ஃபேன் இரைச்சலில் அவள் பேசுவது என் காதில் விழுந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு சொல்லும் விழுந்தது.

"முன்னல்லாம் அந்த மெசின் சத்தம் கேட்டுகினே இருக்கும்க்கா. உக்காந்துகினு இருக்காருன்னு தெரியும், நானும் கொஞ்சம் மூச்சு வுடுவேன். இப்ப எங்க நிக்கிறாருன்னே தெரியல. பையத் தூக்கிக்கினு எப்பிடிக் கெளம்பறது சொல்லு."

அக்கா ஏதோ சொன்னாள்.

"இங்கயே இருந்தா என்னக் கொன்னுடுவாருக்கா."

இந்த வார்த்தை என்னை எவ்வளவு காயப்படுத்தியது என்று உங்களால் ஊகிக்க முடியும். அவளுக்குத் தலை வலிக்கக் கூடாதே என்று சல்லடை போட்டுத் தேடி வாங்கிய ஃபேன் அது. ஆனாலும் நான் சிவனே என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன். கோபத்தில் எதையும் செய்கிற ஆள் நான் இல்லை.

சாயங்காலம் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, பழைய ஃபேனையே மாட்டிடுங்களேன். இது சத்தமே இல்லாம ஒரு மாதிரியா இருக்குதுங்க."

"அதப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு மணி" என்றேன். அவள் முகம் செத்துப்போய்விட்டது. ஒரு ஃபேனுக்கு யாராவது இப்படி முகத்தை வைத்துக்கொள்வார்களா?

அடுத்த நாள் சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். டக் டக் டக் டக் என்று வீடு முழுக்கக் கேட்கிற சத்தம். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கக் கம்பி வலைக்குள் விளக்குமாற்றிலிருந்து உடைத்த ஓர் ஈர்க்குச்சி செருகியிருந்தது. ஃபேன் நிற்கவும் கூடாது, நுனி இறக்கையில் தட்டிக்கொண்டே இருக்கவும் வேண்டும், அந்த அளவில் நிறுத்தியிருந்தாள். எத்தனை தடவை செருகிப் பார்த்திருப்பாளோ, நல்ல வேலைப்பாடு. இந்தச் சாமர்த்தியத்தை இத்தனை வருஷம் என்னிடம் காட்டாமல் வைத்திருந்தாளே என்றுதான் முதலில் தோன்றியது.

நான் குச்சியை எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவளுக்குக் கேட்கிற மாதிரி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் படுக்கையறையில் பீரோ திறக்கிற சத்தம் வந்தது. அப்போது என் வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓடுகிற மெஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். செருப்புப் போடாமல் முன்வாசல் வழியாக இறங்கி, வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், பின்கதவுக்குப் பக்கத்தில் துவைக்கிற கல்லோரம் நின்றேன். நல்ல வெயில். பக்கத்து குவார்ட்டர்ஸ் ருக்குமணியம்மா வீட்டு டிவியில் ஏதோ சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே என் மெஷின் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தது.

அவள் தாழ்ப்பாளை நோகாமல் எடுத்தாள். தோளில் பை. வாசற்படியில் காலை வைத்ததும் என்னைப் பார்த்தாள். பார்த்த பிறகும் தலையை உள்பக்கம் திருப்பி அந்தச் சத்தத்தைக் கேட்டாள் சார். பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"நீங்க உள்ளதான..." என்றாள்.

நான் கத்தவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. பின்தலை முடியைப் பிடித்து, முகத்தைக் கல்லின் விளிம்பில் மோதினேன். முதல் தடவை இடது கையை ஊன்றித் தடுத்தாள். பொங்கலுக்கு உடைந்த கை, அது தாங்கவில்லை, அதே இடத்தில் மடங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு தடுக்க அவளிடம் ஒன்றுமில்லை. பல் உடைந்து என் கால் மேல் விழுந்தது. அவள் அசைவது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் தொடர்ந்தேன். எதையும் அரைகுறையாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. கல்லில் சோப்பு வைக்கிற குழி நிரம்பி வழிந்தபோதுதான் நிறுத்தினேன்.

கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்க் கம்ப்யூட்டரை அணைத்தேன். குச்சியை எடுத்துப் போட்டேன். இறக்கையில் லேசான கீறல்தான், பேரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்ப்யூட்டரை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தால் குலுங்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அவள் பையில் போன் அடித்தது. எடுத்தேன்.

"எங்கடி இருக்க? டவுன்ஷிப் ஆர்ச் கேட்டாண்ட ஆட்டோவ நிறுத்திக்கினு நிக்கிறேன்" என்றாள் பெரியநாயகி.

"வந்துகினு இருக்கா. நீங்க அங்கயே இருங்க" என்றேன். என் குரல் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் "தம்பி, தம்பி, அவள ஒண்ணும் செஞ்சிடாதீங்க" என்று அழ ஆரம்பித்தாள். நான் போனை வைத்துவிட்டேன். துணி எடுக்க வந்த ருக்குமணியம்மா வேலிக்கு மேலாகப் பார்த்துக் கூச்சல் போட்டதும் உங்கள் ஆட்கள் வந்ததும் உங்களுக்கே தெரியும்.

ஆமாம், நான்தான் செய்தேன். வேறு யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டிய அவசியமில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு ஒன்றுதான் சார் பிடிபடவே இல்லை. அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே பஸ் ஏற்றி விட்டிருப்பேன். என்னிடம் சொல்வதற்கு அவளுக்கு அப்படி என்ன பயம்?